அயோர்ட்டா ஆபரேஷனுக்குப் பிறகு ஃபிட்டர் வேலைக்குத் திரும்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பம்ப்ஃபிட்டர்_கோவை

வணக்கம். அயோர்ட்டாவில், அதாவது இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாயில், பெரிய ஆபரேஷன் ஆகி, அதற்குப் பிறகு உடம்பு உழைப்பு வேலைக்கே திரும்பிப் போனவர்கள் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைக்குப் போனவர்கள் எழுதியது நிறையப் படித்துவிட்டேன், என் நிலைமைக்கு அது உதவவில்லை.

எனக்கு 44 வயது. கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் அசெம்பிளி ஃபிட்டர். பிபி மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதம் செகண்ட் ஷிஃப்டில் இருக்கும்போது நெஞ்சில் ஆரம்பித்து முதுகுப் பக்கம் இறங்கிய ஒரு வலி, உள்ளே எதையோ கிழிக்கிற மாதிரி. முதலில் போன இடத்தில் ஈசிஜி நார்மல், வயிற்றில் கேஸ் டிரபிள்தான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி அடங்கவில்லை என்று மச்சான் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே சிடி ஸ்கேன் எடுத்ததில்தான் டைப் ஏ டிசெக்‌ஷன் என்று தெரிந்தது. அயோர்ட்டாவின் உள்சுவர் இதயத்தை ஒட்டிய பாகத்திலேயே கிழிந்திருந்தது. அன்று ராத்திரியே ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பெயர் பென்டால் என்று போட்டிருக்கிறது. மெட்டல் வால்வு, மேலே ஏறுகிற அயோர்ட்டாவுக்குப் பதில் டாக்ரான் என்கிற செயற்கைத் துணிக் குழாய், வளைவிலும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறார்கள். கீழே இறங்குகிற பாகத்தில் கிழிசல் இன்னும் இருக்கிறதாம், அதை மாத்திரையிலும் ஸ்கேனிலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இப்போது பங்குனி பிறந்துவிட்டது. நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், பிபி 118, 122 என்று நிற்கிறது. கம்பெனியிலிருந்து வாராவாரம் போன் வருகிறது. போன ரிவ்யூவில் சர்ஜனிடம் வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். போகலாம், கனமான வேலை மட்டும் வேண்டாம் என்றார், அதற்குள் அடுத்த பேஷண்ட் உள்ளே வந்துவிட்டார். எது கனம் என்று நான் யாரிடம் கேட்பது?

என் வேலை என்ன என்றால், சப்மெர்சிபிள் மோட்டாரை பெஞ்சில் ஏற்றி, ரோட்டாரை இறக்கி, பேரிங் போட்டு, இம்பெல்லர் அடுக்கி, ஸ்டட் முறுக்கி டெஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டும். சின்ன மோட்டார் என்றால் 15, 20 கிலோ. பெரியது 60 கிலோவுக்கு மேலேயே போகும். கனத்தைத் தூக்க செயின் பிளாக் இருக்கிறது, ஆனால் எங்கள் வரிசைக்கே ஒன்றுதான், அது வரும்வரை நின்றால் டார்கெட் போய்விடும் என்று இரண்டு பேர் சேர்ந்து கையாலேயே தூக்கிவிடுவோம். ரிப்பேருக்கு வந்த பம்பில் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்போம்.

இன்னும் சில சந்தேகம். ஷெட்டின் பக்கத்துப் பகுதியில் வெல்டிங் ஓடிக்கொண்டே இருக்கும், நெஞ்சுக்குள் மெட்டல் இருக்கிறவன் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள், உண்மையா? நைட் ஷிஃப்ட் பார்க்கலாமா? ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறேன், எங்கள் வேலையில் கையில் வெட்டு விழாத நாளே கிடையாது. லீவு, சம்பளம் விஷயமும் குழப்பமாக இருக்கிறது, இஎஸ்ஐ உண்டு.

ராத்திரி வீடு அமைதியான பிறகு வால்வு சத்தம் எனக்கும் கேட்கிறது, பக்கத்தில் படுத்திருக்கிற மனைவிக்கும் கேட்கிறது. அவள் வேலைக்கே போக வேண்டாம் என்கிறாள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், போகாமல் எப்படி.

ஃபேப்ரிகேஷன்_துவாக்குடி

தம்பி, எனக்கும் பென்டால்தான், ஆறேழு வருடம் ஆகிறது. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் ஃபிட்டராக இருந்தேன். இன்றைக்கும் அதே யூனிட், ஆனால் அதே வேலை இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை நேராகவே சொல்கிறேன்.

நெஞ்செலும்பு ஒரு கணக்கு, அயோர்ட்டா வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எத்தனை மாதம் கழித்துப் போகலாம் என்ற கேள்வியே வருகிறது. எலும்பை நடுவில் அறுத்து ஸ்டீல் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அது ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஓரளவு சேரும், மூன்று மாதத்தில் நன்றாகப் பிடித்துவிடும். பைபாஸ் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் தூக்குகிற விஷயத்தில் அந்தக் கணக்கோடு முடிந்தது. நமக்கு அப்படி இல்லை. நமக்குத் தைத்துப் போட்ட டாக்ரான் குழாய் கெட்டியானதுதான், அது கிழியும் என்று பயப்பட வேண்டியதில்லை. மீதி இருக்கிற சொந்த அயோர்ட்டா இருக்கிறதே, கிழிசலோடு இருக்கும் அந்தப் பாகம், அதைத்தான் ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டும். டைப் ஏ ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கீழ்ப் பாகத்தில் இந்த மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. அது விரியாமல் இருந்தால் சும்மா இருக்கும். விரிய வைப்பது பிபி. உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற பிபி மட்டும் இல்லை, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுக்கும்போது ஏறுகிற பிபியும் சேர்த்து.

ஆகவே 60 கிலோ மோட்டாரை இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற வேலை இனி உங்களுக்குக் கிடையாது. மூன்று மாதம் கழித்தும் கிடையாது, மூன்று வருடம் கழித்தும் கிடையாது. இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்தது. கை வேலை தெரிந்தவனுக்குத் தூக்க முடியாது என்று ஆவது பெரிய அடி. ஆனால் ஃபிட்டர் வேலை என்றால் தூக்குவது மட்டும்தானா? எனக்கு மார்க்கிங்கும் இன்ஸ்பெக்‌ஷனும் கொடுத்தார்கள். டிராயிங் படித்து, பிளேட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, பஞ்ச் அடித்து, வெல்டிங் ஆகி வந்த ஜாப்பின் அளவு பார்ப்பது. உங்கள் இடத்தில் டெஸ்ட் பெட் இருக்கும், ரோட்டார் பேலன்சிங் இருக்கும், சின்ன மோட்டார் வைண்டிங் டெஸ்ட் இருக்கும். பதினைந்து இருபது வருட அனுபவம் உள்ளவர் காதால் கேட்டே பேரிங் சரியில்லை என்று சொல்லிவிடுவார், அது கம்பெனிக்கும் வேண்டியதுதானே. ஒன்று சொல்லிவிடுகிறேன், ஓவர்டைம் காசு போய்விடும். என் மகள் காலேஜ் சேர்ந்த வருடம் அது, ரொம்ப இறுக்கிப் பிடித்தது.

வெல்டிங் பற்றிச் சொன்னது பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கான எச்சரிக்கை. அது மின்சாரக் கருவி, வெல்டிங்கின் காந்தப் புலம் அதைக் குழப்பலாம். நம் வால்வில் பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லை. இதழ்கள் ஒரு வகை கார்பன். நான் நாள் முழுக்க வெல்டிங் பகுதியின் ஓரத்தில்தான் இருக்கிறேன். உங்களுக்குப் பேஸ்மேக்கரும் சேர்த்து வைத்திருந்தால் மட்டும் சம்மரியில் இருக்கும், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அசிட்ரோமில் கை வெட்டை விட எனக்குப் பயம் தலையில் அடிபடுவது. இரும்பு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிற பர் விரலைக் கிழித்தால் காஸ் துணி வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது, கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதான். தலையில் செயின் பிளாக் கொக்கி இடித்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி, தாமதமே கூடாது. அதனால் ஷெட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஹெல்மெட். பர் தட்டும்போது கிளவுஸ் போடுங்கள். சுற்றுகிற மெஷினில் கிளவுஸ் போடக் கூடாது என்று உங்களுக்கே தெரியும், ஆகவே லேத், டிரில்லிங் பக்கம் போகாமலே இருந்துவிடுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் அளவை அயோர்ட்டிக் மெட்டல் வால்வுக்குப் பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவில் வைப்பார்கள், உங்களுக்கு என்ன என்று டாக்டர் எழுதியிருப்பார். கீரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் ஐஎன்ஆரை ஆட்டும். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

லோடுமேன்_நாமக்கல்

அண்ணா, உயிர் இருந்தால்தான் எல்லாம். எங்கள் பெரியப்பா பையனுக்கு இதே மாதிரி ஆகி வேலையை விட்டுவிட்டு ஊரில் மளிகைக் கடை போட்டுவிட்டார், நிம்மதியாக இருக்கிறார். கம்பெனிக்காரன் இன்றைக்கு லைட் வேலை தருகிறேன் என்பான், நாலு நாள் கழித்து ஆள் பற்றவில்லை, ஒரு கை பிடி என்பான். அண்ணி சொல்வதைக் கேளுங்கள்.

கார்டியாக்பிசியோ_மதுரை

இதய ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. லோடுமேன் அண்ணன் சொன்னதில் ஒரு கை பிடி என்று கூப்பிடுவார்கள் என்பது நூற்றுக்கு நூறு உண்மை, அதற்கு வழி கடைசியில் சொல்கிறேன். ஆனால் மளிகைக் கடை என்றாலே லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. 25 கிலோ அரிசி மூட்டையை இறக்கி அடுக்குவது யார்? வேலையின் பெயரைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, அந்த வேலையில் உடம்பு என்னென்ன அசைவு செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பம்ப்ஃபிட்டர் சார் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்போம் என்ற வரி. மூச்சை அடைத்து முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் எகிறுகிறது, அதோடு தசையும் இறுகி ரத்தக் குழாயை நெருக்குகிறது. 1985ல் கனடாவில் பளு தூக்கிப் பழகிய, நோய் எதுவும் இல்லாத ஆண்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் கனமான பளுவைத் தள்ளும்போது பிபி சராசரியாக 320/250 வரை போயிருக்கிறது. சில நொடிதான், இறக்கி வைத்ததும் பழையபடி ஆகிவிடும். நல்ல அயோர்ட்டா அதைத் தாங்கும். கிழிசல் உள்ள அயோர்ட்டாவை அதற்கு உட்படுத்தக் கூடாது. நீங்கள் வீட்டில் எடுக்கிற 118 மாத்திரை வேலை செய்வதைக் காட்டுகிறது, நல்ல விஷயம், ஆனால் இறுகிய நட்டை இழுக்கிற நொடியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எங்கள் சென்டரில் ஒரு எளிய சோதனை சொல்லித் தருவோம். எதைத் தூக்கினாலும் தள்ளினாலும் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணுவது நின்று தொண்டையில் அடைத்தால் அந்த வேலை உங்களுக்குக் கனம், கிலோ எவ்வளவாக இருந்தாலும் சரி. ஐந்து கிலோ இம்பெல்லர் செட்டைக் கையை நீட்டித் தலைக்கு மேல் ரேக்கில் வைப்பது, பத்து கிலோவை இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டிப் பிடித்து நகர்த்துவதை விடக் கஷ்டம். காலையில் கழிப்பறையில் முக்குவதும் இதே கணக்கில்தான் சேரும். மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி இசப்கோல் மாதிரி ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மெட்டோபிரோலால், பைசோபிரோலால் வகை மாத்திரை போடுபவர்களுக்கு நாடித்துடிப்பு சீக்கிரம் ஏறாது. படபடப்பு இல்லையே, அப்போது அதிகமாக உழைக்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினால் பிபி இறங்கித் தலை சுற்றவும் செய்யும், குனிந்து நிமிரும்போது பார்த்து நிமிருங்கள், தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் ஆரம்பத்தில் வேண்டாம் என்று எழுதி வாங்குவது நல்லது. தூக்கம் கெட்டால் பிபி கெடும், மாத்திரை நேரமும் மாறும். பலமாகக் குறட்டை விடுபவராக இருந்தால், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், பிபி அடங்காமல் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

வேலைக்குப் போய் வருவதையும் யோசியுங்கள். டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது டிரைவர் திடீர் பிரேக் போட்டால் முழு எடையும் நெஞ்செலும்பில்தான் இழுக்கும். கிக்கர் உதைக்கிற பழைய வண்டி வேண்டாம். அசிட்ரோம் போடுகிறவர் பைக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். யாராவது கூட வேலை செய்பவர் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாலும் ஹெல்மெட் போட்டுத்தான் ஏற வேண்டும்.

இப்போது அந்த ஒரு கை பிடி விஷயம். சர்ஜனிடம் வேலைக்குப் போகலாமா என்று கேட்டால் அந்த ஒரு வரி பதில்தான் வரும். கம்பெனி டிஸ்பாட்ச் தராசில் நீங்கள் கையாளும் ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை, எந்த உயரத்துக்கு என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். இதில் எது செய்யலாம் என்று அதிலேயே டிக் பண்ணச் சொல்லுங்கள். கிலோ வரம்பு ஒவ்வொரு சர்ஜனும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள், மீதி அயோர்ட்டாவின் அளவைப் பார்த்து உங்களுக்கு என்று ஒரு எண் கொடுக்கட்டும். அதை லெட்டர்பேடில் வாங்குங்கள். கனமான வேலை கூடாது என்று பொதுவாக எழுதிய கடிதம் ஷாப் ஃப்ளோரில் செல்லாது. இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, தலைக்கு மேல் தூக்கக் கூடாது, இறுகிய போல்ட் கழற்றக் கூடாது என்று எழுதிய கடிதம் சூப்பர்வைசர் மேஜையில் இருந்தால், ஆள் பற்றாத நாளிலும் உங்களைக் கூப்பிட யோசிப்பார். முதல் சில வாரம் அரை நாள் மட்டும் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நடப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். பயந்து படுத்தே கிடப்பவர்களுக்குப் பிபியும் சீக்கிரம் அடங்குவதில்லை, மனமும் தேறுவதில்லை.

வாத்தியார்_தஞ்சை

உடம்பைப் பற்றி எல்லோரும் நன்றாக எழுதிவிட்டீர்கள். நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், எனக்கு அயோர்ட்டா வளைவிலேயே பெரிய ஆபரேஷன். உடம்பு தேறியும் வகுப்புக்குள் போகத் தயங்கியதற்குக் காரணம் குரல். குரல்நாணுக்குப் போகிற இடது பக்க நரம்பு அயோர்ட்டா வளைவைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது, அங்கே கை வைக்கும்போது அந்த நரம்புக்குப் பாதிப்பு வருவதுண்டு. எனக்குக் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறும். ஈஎன்டியிடம் காட்டி, குரல் பயிற்சி எடுத்து, இப்போது இடுப்பில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் காதோரம் மைக்கும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். உங்களுக்கும் வளைவில் வேலை நடந்திருக்கிறது, குரல் கரகரப்பாக இருந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கூப்பிட முடியாதவன் ஆபத்தில் உதவி கேட்கவும் முடியாது.

இரண்டாவது விஷயம் ஞாபகம். வளைவு ஆபரேஷனில் உடம்பைக் குளிர வைத்து ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வேலை செய்கிறார்கள். அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு மனம் ஒன்றில் நிற்காமல் இருப்பது, பெயர் மறப்பது, காரணமே இல்லாமல் கண் கலங்குவது எல்லாம் பலருக்கு உண்டு என்று டாக்டரே சொன்னார். பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். மெதுவாகத் தெளிந்தது. உங்கள் வேலையில் எவ்வளவு இறுக்கி முறுக்க வேண்டும் என்கிற டார்க் அளவு, வரிசை எல்லாம் இருக்கும், முதல் சில மாதம் எழுதி வைத்துப் பார்த்து செய்யுங்கள். கண் கலங்குவது நிற்காமல் தொடர்ந்தால் அதற்கும் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. அதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோமோ.

உங்கள் நெஞ்சில் இருக்கும் டாக்ரான் குழாயைப் பற்றி ஒன்று படித்தேன். 1950களில் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து சர்ஜன் மைக்கேல் டிபேக்கி, கடையில் டாக்ரான் துணி வாங்கி வந்து வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தவர். அவருக்கே 2005 டிசம்பர் கடைசி நாளில் டிசெக்‌ஷன் வந்தது, அப்போது வயது 97. அடுத்த பிப்ரவரியில் அவரிடம் வேலை பார்த்த சர்ஜன்களே ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரவே பல மாதம் ஆனது, ஆனால் வந்தார், மறுபடி வேலைக்கும் போனார், 2008ல் 99 வயதில்தான் இறந்தார். பயம் வருகிற ராத்திரிகளில் எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வரும், உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொழிற்சங்கம்_பீளமேடு

தோழர், லீவு சம்பளம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இஎஸ்ஐயில் சாதாரண நோய்க்காலப் பயன் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அது உங்களுக்கு இந்நேரம் முடிந்திருக்கும். நிறையப் பேர் இதோடு முடிந்தது என்று நினைத்துக் கையில் காசில்லாமல் அவசரமாக வேலைக்குப் போய்விடுகிறார்கள். முடியவில்லை. நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த நோய்க்காலப் பயன் என்று தனியாக ஒன்று இருக்கிறது, 34 நோய்கள் அந்தப் பட்டியலில் உண்டு, ஆபரேஷன் ஆகிச் சிக்கலோடு இருக்கும் இதய நோயும் அதில் வருகிறது. அதில் 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருடம் வரை. தொடர்ந்து 2 வருடம் வேலையில் இருந்திருக்க வேண்டும், நான்கு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்கள் சர்வீசுக்கு அது பிரச்சினை ஆகாது. உங்கள் கேஸ் அந்தப் பட்டியலில் சேருமா என்று சான்று கொடுக்க வேண்டியது இஎஸ்ஐ மருத்துவர்கள், ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, கீழ்ப் பாகத்தில் கிழிசல் மீதி இருக்கிறது என்று எழுதிய சிடி ரிப்போர்ட், இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் டிஸ்பென்சரி, அங்கிருந்து எழுதி வாங்கி சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி என்று போங்கள்.

நோய்க்காலப் பயன் வாங்கிக்கொண்டிருக்கும்போது கம்பெனி உங்களை வேலையை விட்டு நீக்குவதற்கு எதிராகச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, உங்கள் விஷயத்தில் அது எதுவரை என்று யூனியனில் கேட்டுக்கொள்ளுங்கள். வாராவாரம் போன் வருகிறது என்கிறீர்களே, போனில் எதுவும் ஒத்துக்கொள்ள வேண்டாம். மெடிக்கல் சர்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை, நானாகவே விலகிக்கொள்கிறேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். செட்டில்மென்ட் தருகிறோம் என்று பாசமாகப் பேசித்தான் வாங்குவார்கள், எங்கள் ஏரியாவில் இதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். திரும்பப் போகும்போது பிசியோ மேடம் சொன்ன அந்தக் கடிதத்தை ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று காப்பியில் சீல் வாங்குங்கள். வேலை மாறினாலும் அடிப்படைச் சம்பளமும் சர்வீசும் குறையக் கூடாது என்று பேசுவதற்கு யூனியன் ஆள் ஒருவரை அழைத்துப் போங்கள்.

பம்ப்ஃபிட்டர்_கோவை

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். துவாக்குடி அண்ணன் மூன்று வருடம் கழித்தும் கிடையாது என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், ஆனால் யாராவது இப்படி உடைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே கேட்டேன். வெயிட் லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டேன், கூட வேலை செய்கிற பையன் தராசில் வைத்து வைத்து போட்டோ அனுப்புகிறான். நான் 15 கிலோ என்று நினைத்த மோட்டார் 19 இருக்கிறது. டெஸ்ட் பெட்டில் இருப்பவர் ஆடியில் ரிட்டயர் ஆகிறார், அந்த இடத்தைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். குரல் எனக்குப் பரவாயில்லை சார், மறதி இருக்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், அவனுக்கும் இது வருமா? அப்புறம் உடம்பு வலிக்கோ வயிற்றுப்போக்குக்கோ எங்கள் கம்பெனியில் எல்லோரும் கேட் எதிரில் உள்ள மெடிக்கலில் சொல்லித்தான் மாத்திரை வாங்குவோம். அது சரியாக வருமா?

மருந்தாளுநர்_ஈரோடு

தம்பி விஷயத்தில் தள்ளிப் போடாதீர்கள். கூடப் பிறந்தவர், பெற்றவர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு எக்கோ எடுத்து அயோர்ட்டா அகலமாக இருக்கிறதா, வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிசெக்‌ஷன் சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. மூட்டை தூக்குகிறவர் என்றால் முதலில் அவர்தான். பிபியும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் நின்று பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வயிற்றுப்போக்கு என்று சொன்னால் நம் ஊரில் பெரும்பாலும் கையில் வருவது ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. சிறுநீர்க் கடுப்பு என்றால் சிப்ரோஃபிளாக்சசின், சளி இறங்கவில்லை என்றால் லீவோஃபிளாக்சசின். இப்படி ஃப்ளாக்சசின் என்று முடிகிற ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒரே ஃப்ளூரோகுவினலோன் குடும்பம். இவை அயோர்ட்டா வீக்கமோ கிழிசலோ உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம், வேறு வழியே இல்லாவிட்டால் தவிர கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. சின் என்று முடியும் எல்லா மருந்தும் இந்த வகை இல்லை, அசித்ரோமைசின் வேறு, அதனால் பெயரை வைத்து நீங்களே முடிவு பண்ணாமல் டாக்டர் கையெழுத்தோடு வாங்குங்கள். அசிட்ரோம் போடுவதால் எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தாலும் ஐஎன்ஆர் ஆடலாம், அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. பிபியை ஏற்றும், அசிட்ரோமோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குள். ஜலதோஷ மாத்திரைகளில் ஃபெனைலெஃப்ரின் இருக்கும், அது ரத்தக் குழாயைச் சுருக்கிப் பிபியை ஏற்றுகிற மருந்து, அதுவும் வேண்டாம். இடுப்பு வலி என்று கம்பெனிக்கு வருகிற நர்ஸ் ஊசி போட வந்தாலும் முதலில் அசிட்ரோம் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள், சதையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

மெட்டல் வால்வு, டாக்ரான் கிராஃப்ட், அசிட்ரோம் அளவு, ஐஎன்ஆர் இலக்கு, டிசெக்‌ஷன் மீதி இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி லேமினேட் பண்ணி, ஒன்று உங்கள் பர்ஸில், ஒன்று கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள், வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அசிட்ரோமை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டுத்தான்.